ஐப்பசியில் வடக்கே போன கப்பல்: புதுச்சேரியில் உருவான ஒரு கடல் வணிக விளையாட்டு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான்கு பேர் வார இறுதிகளில் கூடி ஒரு கணினி விளையாட்டை உருவாக்கினோம். அது நடுவில் ஒருமுறை படுத்துவிட்டது. ஏன் படுத்தது, எதனால் எழுந்தது, எதில் இன்னும் குறை இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு. உடன் இருந்தவர்களின் சம்மதத்தோடு, பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

நால்வரில் நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். விளையாட்டின் விலைக் கணக்கும் பணக் கணக்கும் என் பொறுப்பு. மற்றவர்கள் முத்தியால்பேட்டையைச் சேர்ந்த ஓர் ஓவியர், வரலாற்றில் முதுகலை முடித்த ஒரு பெண், கடலூர் முதுநகரிலிருந்து பேருந்தில் வந்து போன ஒரு கல்லூரி மாணவர். லாஸ்பேட்டையில் என் வீட்டு மாடி அறையில்தான் கூடுவோம். கோடோ என்ற கட்டற்ற மென்பொருளில் வேலை நடந்தது. செலவென்று பார்த்தால் மின்கட்டணமும் டீயும்தான்.

கப்பலில் சரக்கு ஏற்றி ஊர் ஊராகப் போய் விற்று, வந்த காசில் கப்பலை மேம்படுத்தி, தெரியாத கரைகளைத் தேடிப் போகும் விளையாட்டுகள் புதியவை அல்ல. சிட் மெய்யர்ஸ் பைரேட்ஸ் 1987இல் வந்தது. ஜப்பானின் கோயி நிறுவனம் 1990இல் அன்சார்ட்டட் வாட்டர்ஸ் வெளியிட்டது. நாங்கள் நால்வருமே இந்த வகை விளையாட்டுகளில் பல இரவுகளைக் கழித்தவர்கள். ஆனால் ஒன்று எப்போதும் உறுத்தும். கோயியின் விளையாட்டில் நாயகன் லிஸ்பனிலிருந்து கிளம்புகிறான். நம் கரை அவனுக்குக் கடைசியில் எட்டிப் பார்க்கும் தூர தேசம். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு புதுச்சேரியைத் தேடி ஐரோப்பாவிலிருந்து கப்பல் விடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அரிக்கமேட்டில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்த ஊர் இது. பிரெஞ்சுக் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பும் வணிகத் தரகும் பார்த்த துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பில் எந்தக் கப்பல் எப்போது வந்தது, என்ன கொண்டுவந்தது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அவரிடம் சொந்தக் கப்பலே இருந்தது. ஆக, எங்கள் விளையாட்டு 1740களில், புதுச்சேரிக் கரையில், ஒரு சின்ன வணிகரின் ஒற்றைக் கப்பலோடு தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

முதல் வடிவம்

ஆடி மாதம் தொடங்கி ஆறு மாதத்தில் முதல் வடிவம் ஓடியது. ஏழு துறைமுகங்கள்: புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், மசூலிப்பட்டினம், கடலுக்கு அப்பால் சுமத்ரா தீவின் அச்சே. துணி, அரிசி, பாக்கு, மிளகு, தகரம் என ஐந்து சரக்குகள். காசு வராகன்.

கப்பலை மாற்றியமைக்கும் பகுதிக்குத்தான் அதிகம் உழைத்தோம். அடிப்பாகம், பாய்மரங்களின் எண்ணிக்கை, சதுரப் பாயா முக்கோணப் பாயா, சரக்கறையின் அளவு, பீரங்கி, அடியில் பூசும் சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்த பூச்சு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக மாறும். தேக்குப் பலகையின் நிறம் வெயிலில் மங்குவது வரை ஓவியர் வரைந்திருந்தார்.

காற்று இருந்தது, ஆனால் அலங்காரத்துக்குத்தான். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு திசை, ஏதோ ஒரு வேகம். சாதகமானால் கப்பல் கொஞ்சம் விரைவாகப் போகும், எதிரானால் கொஞ்சம் மெதுவாக. மாதத்தின் பெயரைத் திரையின் மூலையில் காட்டினோம். அதற்கு விளையாட்டில் எந்த வேலையும் கிடையாது.

முதல் சோதனையில் கண்டவை

மார்கழி விடுமுறையில் நண்பர்கள், தம்பி தங்கைகள் என்று பன்னிரண்டு பேரை உட்காரவைத்து விளையாடச் சொன்னோம். யாருக்கும் எதுவும் விளக்கவில்லை. பின்னால் நின்று பார்த்துக் குறிப்பு எடுத்தோம்.

முதல் அரை மணி நேரம் எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எல்லோரும் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், பாயின் நிறத்தை மாற்றினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக ஒரே வழிக்கு வந்து சேர்ந்தார்கள். புதுச்சேரியில் அரிசி ஏற்று, யாழ்ப்பாணத்தில் இறக்கு, பாக்கு ஏற்று, புதுச்சேரிக்குத் திரும்பு. மறுபடியும் அதே. ஒரு மணி நேரத்துக்குள் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் இந்த வளையத்துக்குள் இருந்தார்கள். கப்பலில் அவர்கள் மேம்படுத்தியது சரக்கறையை மட்டும்தான். பீரங்கியை ஒருவரும் வாங்கவில்லை. முக்கோணப் பாயைத் தொட்டவர்கள் அழகுக்காகத் தொட்டார்கள். அச்சேவுக்கு ஒரே ஒருவர் போனார், அவரும் இரண்டாம் முறை போகவில்லை.

என் உறவுக்காரப் பையன் ஒருவன், ஒன்பதாம் வகுப்பு படிப்பவன், எல்லோரையும் விட விரைவாகப் பெரும் பணக்காரனாகி, எழுந்து வந்து, "அண்ணா, இதுக்கு மேல என்ன பண்ணணும்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். யாழ்ப்பாண வளையத்துக்கு 6 நாள், லாபம் நூற்றுக்கு 30. அச்சே சுமார் 1,800 கிலோமீட்டர். போய் வர 48 நாள், லாபம் நூற்றுக்கு 150. கேட்பதற்கு அச்சே பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த 48 நாளில் யாழ்ப்பாணத்துக்கு எட்டு முறை போய் வரலாம். ஒவ்வொரு முறையும் லாபத்தையும் சேர்த்துப் போட்டால் 100 வராகன் 800ஐத் தாண்டிவிடும். அச்சேவுக்குப் போனவர் கையில் 250தான் இருக்கும். ஒரு துறைமுகத்தில் சரக்கு விற்றால் விலை இறங்கும், பிறகு நாளுக்கு நாள் ஏறிப் பழைய இடத்துக்கு வரும் என்று நான் எழுதியிருந்தேன். ஆறு நாளில் அது முழுதாக ஏறிவிட்டது. விளையாடியவர்கள் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொண்டார்கள். பிழை நான் எழுதிய கணக்கில் இருந்தது.

முதலில் செய்த தவறான திருத்தம்

நாங்கள் அவசரப்பட்ட இடம் இது. யாழ்ப்பாண லாபத்தை நூற்றுக்கு 10 ஆகக் குறைத்தோம். துறைமுக வரி சேர்த்தோம். வழியில் கொள்ளையர்களை விட்டோம். இப்போது எட்டு முறை போய் வந்தாலும் 100 வராகன் 214தான் ஆகும், அச்சேவின் 250 அதைவிட அதிகம். தாளில் எல்லாம் சரியாகிவிட்டது.

சித்திரையில் இரண்டாம் சோதனை. இந்த முறை யாரும் பணக்காரராகவில்லை. அச்சேவுக்குப் போகும் அளவுக்குக் கையில் காசு சேர்வதற்கு முன்பே சலித்துப்போய் எழுந்துவிட்டார்கள். போன முறை ஒரு மணி நேரம் தாங்கிய ஆட்டம் இப்போது நாற்பது நிமிடம்கூடத் தாங்கவில்லை. கொள்ளையரிடம் இரண்டு முறை சிக்கிய ஒருவர், "மூட்டை தூக்குற வேலை மாதிரி இருக்கு" என்றார்.

அன்று குழுவுக்குள் கசப்பு வந்தது. ஓவியருக்குத் தன் வேலை வீணாகிறது என்ற வருத்தம். எத்தனை வகைப் பாய் வரைந்தாலும் சரக்கறையைத் தவிர எதற்கும் மதிப்பில்லை என்றால் எதற்காக வரைவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. கப்பலை மாற்றியமைக்கும் வசதி இருந்தது, மாற்றியமைக்கக் காரணம் எதுவும் இல்லை. இதை அன்றே இப்படித் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். நாங்கள் எண்களை இன்னும் கொஞ்சம் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதுநகரில் ஒரு மதியம்

மாணவரின் தாத்தா இளவயதில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் பாய்மரத் தோணிகளில் வேலை பார்த்தவர். பின்னால் சொந்த ஊருக்குத் திரும்பி மீன்பிடித் தொழிலுக்கு மாறினார். அவரிடம் ஒருமுறை காட்டலாம் என்று மாணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் தள்ளிப்போட்டோம். கணினியே தொடாத பெரியவர் என்ன சொல்லப்போகிறார் என்ற எண்ணம் எனக்கு இருந்தது என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஓ.டி. என்று சொல்லப்படும் கடலூர் முதுநகருக்குப் போனோம். சுட்டியைப் பேரன் பிடித்துக்கொண்டார், தாத்தா வாயால் கப்பல் ஓட்டினார். புதுச்சேரியில் துணி ஏற்றியாகிவிட்டது. மசூலிப்பட்டினத்துக்குப் போகலாம் என்று பேரன் சொன்னார். தாத்தா திரையின் மூலையைப் பார்த்து, "இது என்ன மாசம்?" என்றார். ஐப்பசி.

"ஐப்பசியில எவன்டா வடக்க பாய் விரிப்பான்? வாடை மூஞ்சியிலல்ல அடிக்கும்?"

பேரன் பொத்தானை அழுத்தினார். கப்பல் கிளம்பியது, சில நாளில் போய்ச் சேர்ந்தும் விட்டது. தாத்தா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "சரி, சரக்க எப்படி இறக்குன?" என்று கேட்டார். 'விற்பனை' பொத்தானைக் காட்டினோம். "அது இல்ல தம்பி. கப்பல் எங்க நிக்குது, சரக்கு கரைக்கு எப்படி வருது?" எங்களிடம் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

அடுத்த இரண்டு மணி நேரம் அவர் பேசினார், நாங்கள் எழுதினோம். தையிலும் மாசியிலும் வாடை தணிந்து தெற்கே போவது சுகம். பங்குனிக்கு மேல் தென்காற்று எழும், வடக்கே போக அதுதான் சமயம். காற்றை எதிர்த்துப் போக வேண்டுமென்றால் நேராகப் போக முடியாது, பாயை மாற்றி மாற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓட வேண்டும், அதில் நாளும் போகும், ஆளும் ஓய்ந்துபோவான். கடலூரில் சின்னத் தோணி என்றால் முகத்துவாரத்தைத் தாண்டி உப்பனாற்றுக்குள் வந்துவிடலாம், பெரியது மணல் திட்டில் தட்டும். வெளியேதான் நிற்க வேண்டும். திரும்பி வரும்போது பேருந்தில் யாரும் அதிகம் பேசவில்லை.

வரலாறு படித்த தோழி அந்த வாரம் முழுக்கத் தன் பழைய குறிப்புகளைத் திரும்பப் புரட்டினார். அதே செய்திகள் வேறு மொழியில் அங்கே இருந்தன. புதுச்சேரி ஒரு திறந்த கரை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த சலங்குப் படகுகள்தான் அலையைக் கடந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்துகொடுக்கும். வாடைக்காலம் நெருங்கினால் போர்க்கப்பல்களே இந்தக் கரையைவிட்டு ஒதுங்கிப் போய்விடும். இதையெல்லாம் அவர் முன்பே படித்திருந்தார். விளையாட்டில் சேர்க்க வேண்டிய விஷயம் என்று அவருக்கும் தோன்றவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

கொள்ளையரை எடுத்துவிட்டோம். வரியையும் எடுத்துவிட்டோம். லாபத்தைப் பழையபடி நூற்றுக்கு 30 ஆக்கினோம். எண்களைத் திருகுவதை நிறுத்திவிட்டு, காற்றையும் கரையையும் உண்மையாக்குவது என்று முடிவு செய்தோம்.

காற்றுக்கு ஓர் ஆண்டுக் காலண்டர் போட்டோம். ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்கு, ஐப்பசி முதல் வடகிழக்கு, தை மாசியில் அதுவே தணிந்து, பங்குனி சித்திரையில் தென்காற்று. கப்பல் காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. சதுரப் பாய்க் கப்பல் காற்று வரும் திசையிலிருந்து ஏறக்குறைய 67 பாகை விலகித்தான் ஓடும். அப்படி மாறி மாறி ஓடினால் நேர்வழியைப் போல இரண்டரை மடங்கு தூரம் ஆகிறது. முக்கோணப் பாய்க்கு 50 பாகை வைத்தோம், அதற்கு ஒன்றரை மடங்குதான். ஆனால் பின்காற்றில் சதுரப் பாய்தான் வேகம். ஒரே நாளில் ஓவியரின் பாய்கள் எல்லாவற்றுக்கும் வேலை வந்துவிட்டது.

யாழ்ப்பாண வளையம் தானாக உடைந்தது. மாசியில் போவது எளிது, திரும்புவது கடினம். பங்குனிக்கு மேல் அது தலைகீழ். அச்சேவின் கதையோ வேறு. தென்மேற்குக் காற்றில் கிளம்பினால் காற்று கப்பலின் பக்கவாட்டில் பின்னாலிருந்து தள்ளும். வடகிழக்குக் காற்றில் திரும்பினாலும் அதே கோணம்தான். போவதற்கு ஒரு காற்று, வருவதற்கு ஒரு காற்று. நடுவில் அங்கேயே தங்கியிருக்க வேண்டும். ஏன் நம் வணிகர்கள் கடல் கடந்து போய் மாதக்கணக்கில் தங்கினார்கள், ஏன் அங்கே குடியேற்றங்கள் வளர்ந்தன என்பது, அந்தக் கோணத்தைத் திரையில் வரைந்து பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. பள்ளியில் படித்த பாடம்தான். ஆனால் உடம்பில் ஏறவில்லை.

அடுத்தது கரை. புதுச்சேரியில் சரக்கு இறக்க ஒரு பொத்தான் போதாது என்று ஆக்கினோம். எத்தனை சலங்கு அமர்த்துகிறோம், அன்று அலை எப்படி என்பதைப் பொறுத்து நாட்கள் ஆகும், சில மூட்டை நனையும். கடலூரில் அடி ஆழமில்லாத கப்பல் ஆற்றுக்குள் நுழைந்து ஒரே நாளில் இறக்கிவிடலாம். ஆனால் அந்தக் கப்பல் அச்சே வழியின் பெருங்கடலில் தத்தளிக்கும். ஆழமான அடிப்பாகம் வங்கக் கடலைத் தாங்கும், கடலூர் ஆற்றுக்குள் வராது. இந்த ஒரு தேர்வு, எங்கள் விளையாட்டிலேயே நல்ல தேர்வு என்று இன்றும் நினைக்கிறேன். எந்தக் கப்பல் சிறந்தது என்று கேட்டால் எந்த ஊருக்கு, எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

விலைக் கணக்கையும் நான் அடியோடு மாற்றினேன். விலை தானாக ஏறுவதை நிறுத்தி, ஊரில் இருக்கும் கையிருப்பின்படி விலை நிற்கும் என்று ஆக்கினேன். ஒரே காற்றை நம்பி எல்லோரும் ஓடுவதால் எல்லாக் கப்பல்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வந்து சேரும். ஆகவே மற்ற வணிகரின் கப்பல்களையும் கணக்கில் ஓடவிட்டேன். பருவத்தில் முதலில் மிளகு கொண்டுவருபவருக்கு நல்ல விலை, பத்தாவதாக வருபவருக்குப் பாதி. இப்போது பெரிய சரக்கறை வேண்டுமா, முந்திப் போகும் கப்பல் வேண்டுமா என்பது உண்மையான கேள்வியானது. அடியில் சுண்ணாம்புப் பூச்சை மறந்தால் சிப்பியும் பாசியும் ஒட்டி வேகம் குறையும், புழு பலகையைத் தின்னும்.

காத்திருப்பு என்ற சிக்கல்

இதைத்தான் நாங்கள் அதிகம் விவாதித்தோம். ஐப்பசி முதல் மார்கழி வரை கடல் மூடிக்கிடந்தால், விளையாடுபவர் என்ன செய்வார்? 'நாளைக் கடத்து' என்ற பொத்தானைத் தட்டிக்கொண்டு உட்காருவாரா? தாமதத்தை யாரும் மன்னிக்க மாட்டார்கள், உண்மையை விட்டுக்கொடுத்துக் கடல் மூடும் காலத்தை ஒரு வாரமாகச் சுருக்கலாம் என்றார் ஓவியர். எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றியது.

தோழி ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மாதங்களில் வணிகர்கள் சும்மா இருக்கவில்லை என்றார். துணி என்பது கடையில் போய் வாங்கும் பொருள் அல்ல. நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து, இன்ன அகலம், இன்ன நீளம், இத்தனை கட்டு என்று பேசி வைத்தால்தான் கப்பல் கிளம்பும் காலத்தில் துணி கையில் இருக்கும். நூல் விலை ஏறினால், அரிசி பஞ்சமானால், பேசிய துணி வராது. எதிராளி அதிக முன்பணம் கொடுத்து இழுத்துக்கொள்ளலாம். கடன் வாங்குவதும் இந்தக் காலத்தில்தான். கப்பல் பத்திரமாகத் திரும்பினால் மட்டும் அதிக வட்டியோடு திருப்பித் தர வேண்டும், மூழ்கினால் தர வேண்டாம் என்ற வகைக் கடன் அன்று கடல் வணிகத்தில் இருந்தது.

அவர் சொன்னதை அப்படியே விளையாட்டாக்கினோம். கடல் மூடிய மூன்று மாதமும் கரை ஆட்டம். நீலத் துணிக்கு யாரிடம் எவ்வளவு முன்பணம், கப்பலைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதா, புதுப் பாய் தைப்பதா, அடுத்த பருவத்துக்கு எந்தக் கடன் என்று முடிவெடுக்க வேண்டும். இந்தப் பகுதியை எழுத நான்கு மாதம் ஆனது. கடல் ஆட்டத்தை எழுதிய காலத்தில் பாதி.

புயல் பற்றிய தகராறு

மறு ஆண்டு தையில் மூன்றாம் சோதனை. பழைய பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் வெவ்வேறு கப்பல் வைத்திருந்ததைப் பார்த்தபோது ஓவியரின் கண் கலங்கியது. ஒருவர் ஆழமில்லாத தோணியோடு கடலூர், பரங்கிப்பேட்டை என்று கரையோரமே ஓடினார். இருவர் கடன் வாங்கி அச்சே போனார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. அவன் துணிக்கு முன்பணம் கொடுப்பதிலேயே ஒரு மணி நேரம் மூழ்கிக்கிடந்தான்.

ஒரு பெண் மட்டும் மிகவும் கோபப்பட்டார். சித்திரையில், கடல் திறந்திருந்த காலத்தில், கடலூருக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த அவர் கப்பலைப் புயல் அடித்துப்போனது. இரண்டு மணி நேர உழைப்பு போயிற்று. "வாடைக்காலத்துல போகாதீங்கன்னு சொன்னீங்க, நான் போகல. அப்புறம் ஏன்?" என்றார்.

புயலைப் பருவத்துக்கு வெளியேயும் வைத்தது தெரிந்தே செய்ததுதான். 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னேயின் கப்பல்களைப் புயல் சிதைத்தது, அது பருவத்துக்கு உட்பட்டது. ஆனால் 1749இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக்கு அருகே நமூர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 500க்கு மேற்பட்ட ஆட்களோடு மூழ்கியது ஏப்ரலில். பருவத்துக்குள்ளும் அது கடைசி மாதம்வரை விடாது: புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்களைப் புயல் உடைத்தது மார்கழியில், 1761 ஜனவரி 1 அன்று. தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டதும் மார்கழியில்தான், 2011 டிசம்பர் 30 அன்று. எங்கள் நால்வருக்குமே அந்த விடிகாலை நினைவிருக்கிறது. இந்தக் கரையில் புயலைக் காலண்டருக்குள் அடைத்துவைப்பது பொய்யாகிவிடும் என்று தோழி உறுதியாக இருந்தார். வரலாற்றில் நடந்தது என்பதற்காக விளையாடுபவரை ஏமாற்றக் கூடாது என்று நான் சொன்னேன். இருவரும் ஒரு வாரம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மாணவர் மறுபடி தாத்தாவிடம் கேட்டு வந்தார். காற்று வருவதற்கு முன்பே கடல் சொல்லிவிடும் என்றாராம். எங்கோ தூரத்தில் கிளம்பிய புயலின் அலை அதற்கு முன்னே ஓடிவரும். வானம் வெளுத்திருக்கும், காற்றும் இருக்காது, ஆனால் அலை கனத்து, இடைவெளி விட்டுப் புரண்டு புரண்டு வரும். அதைப் பார்த்தால் நங்கூரத்தை எடுத்துவிட வேண்டும், ஆற்றுக்குள் நுழைய முடிந்தவன் நுழைந்துவிட வேண்டும்.

அதையே வைத்தோம். புயலை எடுக்கவில்லை. இரண்டு நாள் முன்பிருந்தே அலையின் அசைவும் ஒலியும் மாறும்படி செய்தோம். எச்சரிக்கைப் பலகை எதுவும் வராது, கவனித்துப் பார்ப்பவருக்குத் தெரியும். கரைக்குப் போனால் சலங்குக்காரர்கள், "இன்னைக்கு அலை சரியில்ல" என்று சொல்லி வேலைக்கு வர மறுப்பார்கள். கோபப்பட்ட பெண்ணையே மறுபடி அழைத்து விளையாடவைத்தோம். இம்முறை அலையைப் பார்த்ததும் சரக்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலை ஆழ்கடலுக்கு ஓட்டினார். கப்பல் பிழைத்தது, கரையில் கிடந்த துணி நனைந்தது. அதற்கு அவர் கோபப்படவில்லை.

விளைவு

விளையாட்டை இணையத்தில் இலவசமாக வெளியிட்டோம், தமிழிலேயே. கணினியில் மட்டும்தான் ஓடும், கைப்பேசி வடிவம் முடியவில்லை. பெரிய வெற்றி என்று சொல்ல ஏதும் இல்லை. விளையாடியவர்கள் சிலர் நீண்ட கடிதங்கள் எழுதினார்கள். நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர், கப்பலின் முன்பகுதியை 'முனை' என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அணியம் என்பார்கள் என்று திருத்தினார். மறுநாளே மாற்றினோம்.

குறைகளும் உண்டு. கரை ஆட்டம் சிலருக்குப் பிடிக்கவில்லை, முதல் ஐப்பசியிலேயே விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. தொடக்கக் கப்பலோடு ஆனி மாதத்தில் ஆட்டம் தொடங்குவதால், கடல் மூடுவதற்கு முன் அவர்களுக்கு நான்கே மாதம்தான் கிடைத்தது. தையில் தொடங்கியிருக்க வேண்டும். இது மிக எளிய திருத்தம், அடுத்த பதிப்பில் செய்துவிட்டோம்.

ஓவியர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார். மாணவர் படிப்பை முடித்துவிட்டார். நானும் தோழியும் மாதம் ஒருமுறை கூடுகிறோம்.

மறுபடி செய்தால்

முதல் வரி நிரல் எழுதும் முன்பே ஓ.டி.க்குப் போவேன். ஒரு தாளில் கரையை வரைந்து, புளியங்கொட்டையைக் கப்பலாக வைத்து, தாத்தாவை நகர்த்தச் சொல்லியிருந்தால் அந்த ஒரு மதியத்தில் கிடைத்தது எல்லாம் ஓராண்டு முன்னரே கிடைத்திருக்கும். தோழியின் குறிப்புகளையும் பின்னணி அலங்காரமாக வைத்திருக்க மாட்டேன். எந்தக் குறிப்பு விளையாட்டின் விதியாக மாறும் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்பேன்.

இரண்டாம் சோதனைக்குப் பிறகு எண்களைத் திருகிய இரண்டு மாதத்தையும் செலவிட மாட்டேன். ஒரே வழியில் எல்லோரும் ஓடுகிறார்கள் என்றால், மற்ற வழிகளுக்குப் போக விளையாட்டுக்குள் காரணம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

பெரிய குறை ஒன்று இன்னும் இருக்கிறது. தாத்தா அன்றே நீரோட்டத்தைப் பற்றிச் சொன்னார். இந்தக் கரையில் ஆண்டில் சில மாதம் நீர் வடக்கே ஓடும், சில மாதம் தெற்கே, காற்றோடு எப்போதும் ஒத்துப்போகாது என்று. வேலை அதிகம் என்று தள்ளிவைத்தோம். அதனால்தான் எங்கள் விளையாட்டில் காற்று நின்றால் கப்பலும் அப்படியே நிற்கிறது. நிஜத்தில் அப்படி நிற்காது, இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது அதைத் தொடங்கியிருக்கிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம், கரையின் படம், அதன் மேல் தாத்தா பேனாவால் போட்ட கோடுகள். பத்து மாதம் முடிந்திருக்கிறது. பங்குனியும் சித்திரையும் காலி. அந்த இரண்டு மாதத்தில் தெற்கே எப்படி இழுக்கும் என்று தனக்கு நிச்சயமில்லை, நாகப்பட்டினத்து ஆட்களைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். அணியம் என்று திருத்தி எழுதியவருக்குக் கடிதம் போட்டிருக்கிறோம்.